வாயில் ஒளித்த மண்

குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்பது நமக்குப் பழக்கம். முழுக்கக் கடலாகவே இருந்த நீர்க்கோளில் தண்ணீருக்கா பஞ்சம்? அங்கே காலையில் மண்ணுக்காக நின்றார்கள். கடலடிக்குப் போன 'மூழ்கி' என்ற ரோபோ வாத்து அலகு நிறையச் சேற்றோடு மேலே வரும். தெப்பத்தில் இருப்பவர்கள் அதைக் கைமாற்றித் தொட்டியில் சேர்ப்பார்கள்.

தொட்டிக்குக் காவல், கர்ப்பிணியான தலைமைப் பொறியாளர் தெய்வானை. எல்லாரும் குடியிருந்த இரும்புத் தெப்பம் துருப்பிடித்துவிட்டது, வரும் புயலைத் தாங்காது. சேற்றில் கலந்திருந்த நுண்பெருக்கிகள், அவள் பொத்தானை அமுக்கியதும் ஒரு பிடி மண்ணைக் குன்றாக்கிவிடும். பிள்ளையைத் தரையில்தான் பெறுவது என்று அவள் முடிவுகட்டியிருந்தாள்.

"ஒரு பிடி கொறஞ்சாலும் தீவு அலைக்கு மேல வராது. எல்லாரும் முங்கிருவோம், பாத்துக்கிடுங்க," என்று எச்சரித்தாள்.

செர்பியாக்காரன் மிலோராத் பேசியதை, அவள் காதில் பதித்த மொழிமாற்றி தூத்துக்குடித் தமிழாக்கித் தந்தது.

"எங்க ஊர்க் கதையும் இதேதான்க்கா. கடவுளுக்காகச் சாத்தான் முங்கி மண்ணு எடுத்தான். கொஞ்சத்தை வாயில ஒளிச்சுக்கிட்டான். கடவுள் 'வளரு'ன்னதும் அதுவும் வளந்துட்டு. துப்புனான் பாருங்க, அதான் மலை!"

"திருட்டுப் பய," என்றாள் சந்தால் பழங்குடிச் சமையல்காரி சோனாமுனி. "எங்க கதையில மண்புழு கொண்டாந்து ஆமை முதுகுல வச்சுது. ஒரு பொட்டு ஒளிக்கல."

"எங்க பெருமாள் பன்னியா வந்து பூமியையே தூக்குனாரு," என்று சிரித்தாள் தெய்வானை. ஈர மண் வாசனைக்கு அவள் நாக்கில் எச்சில் ஊறியது.

தொட்டி நிறைந்த அன்று, அதைக் கடலில் கவிழ்த்துப் பொத்தானை அமுக்கினாள். தீவு எழுந்தது. நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது.

அதே நேரம் மிலோராத்தின் சட்டைப்பை கிழிந்து மண் பிதுங்கியது. சோனாமுனியின் தூக்குவாளி மூடி பறந்தது. எல்லா அறைக் கதவுகளும் உள்ளிருந்து முட்டின. நம் வீட்டுக் கொல்லைக்கு மட்டும் ஒரு பிடி என்று ஆளாளுக்கு எடுத்து வைத்திருந்தார்கள்.

தெய்வானை திட்ட நினைத்தாள். வாய் திறக்கவில்லை, கன்னம் இரண்டும் உப்பிக்கொண்டிருந்தன. மசக்கை யாரை விட்டது? கடலைப் பார்த்துத் துப்பினாள். அங்கே ஒரு குன்று முளைத்தது.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அவள் விடவில்லை. "நானே துப்பிட்டேன்லா! எல்லாத்தையும் கொண்டாந்து கொட்டுங்க!"

கொட்டினார்கள். தீவு மேடும் பள்ளமுமாக அலைக்கு மேலே வந்தது. புயலுக்கு முன் குடியேறினார்கள். பிள்ளையும் தரையில்தான் பிறந்தது.

வளர்ந்த மகள் ஒருநாள் கேட்டாள்: "ஏம்மா நம்ம ஊர்ல இத்தனை குன்னு?"

"அந்த மூழ்கி வாத்து இருந்துச்சுல்லா, அது மண்ணை வாயில ஒளிச்சு வச்சுட்டு, அப்புறம் துப்பிட்டு," என்றாள் தெய்வானை.

மகள் தூங்கியதும், பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த மிலோராத் மெல்லக் கேட்டான். "அப்ப எங்க ஊர்ச் சாத்தானும் ஒரு பாவமும் அறியாதவன்தானாக்கா?"

"சும்மா இரு, பிள்ள முழிச்சிரும்."