தெற்கிலிருந்து வந்த வண்டி

காலை 6.10.

பண்ணைச் சாலை ஓரத்துப் பனிமேட்டிலிருந்து இரண்டு கறுப்புக் குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. பனி தள்ளும் வண்டியை ஓட்டி வந்த தோகாஷி பிரேக் போட்டார். குச்சிகள் இல்லை, வைப்பர்கள். அவை மட்டும் கண்ணில் படாமல் போயிருந்தால் உள்ளே புதைந்திருந்த காரையும் பனியோடு பனியாக வாய்க்காலில் தள்ளிவிட்டுப் போயிருப்பார். இறங்கிக் கையாலேயே தோண்டினார். கண்ணாடிக்குப் பின்னால் ரியோஹெய் உட்கார்ந்திருந்தான். தூங்குகிற மாதிரிதான் இருந்தான். கன்னம் மட்டும் அளவுக்கு மீறிச் சிவந்திருந்தது.

காலை 8.40.

ரியோஹெய்யின் மனைவி சிகுசா சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் போலீஸ் சார்ஜென்ட் உருஷிஹாரா. அவர் போட்டுக் கொடுத்த தேநீர் அவள் முன்னால் ஆறிப்போயிருந்தது. சிகுசாவும் தோகாஷியைப் போல ஊராட்சியின் பனி தள்ளும் வண்டிதான் ஓட்டுகிறாள். நேற்று அவளுக்கு விடுமுறை. அந்த விடுமுறை நாளின் காலையில்தான் சண்டை.

"எதுக்கு சண்டை?"

"கார் வாங்கினதுலேருந்தே சண்டைதான் சார்."

மூன்று வாரத்துக்கு முன் ரியோஹெய் பள்ளித் தோழன் நிஷிதானியிடம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினான். தெற்கே ககோஷிமாவில் ஓடிய வண்டி, பனி என்றால் என்னவென்றே தெரியாதது. அன்றிலிருந்து பால் லாரி ஓட்டின நேரம் போக மீதி நேரமெல்லாம் அவன் அந்தக் காருக்கு அடியில்தான் கிடந்தான். ஸ்பிரிங் மாற்றினான், சீட்டை மாற்றினான். பானை வாய் அகலத்துக்கு ஒரு சைலன்சர். அதை நிஷிதானியே மாட்டிக் கொடுத்தான். அந்த உறுமலில் பக்கத்துப் பண்ணை மாடுகள் பால் கறக்க நிற்கவில்லை என்று புகார் வந்தது. பிறகு குளிருக்கான வேலைகள்: பனி டயர், பெரிய பேட்டரி, ரேடியேட்டருக்கு உறையாத தண்ணீர், அடிப்பாகத்தில் நிஷிதானி பூசி விற்ற பூச்சின் மேல் இன்னொரு துருத் தடுப்புப் பூச்சு. மனுஷன் தன் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு தயாராகவில்லை.

"கடைசியா என்ன சொன்னீங்க?"

சிகுசா மறைக்கவில்லை. "அந்த வண்டியிலயே போய்ப் படுத்துக்கோங்கன்னு சொன்னேன்."

உருஷிஹாரா எழுதுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார். "சாவி போட்டபடியே இருந்தது. ஹீட்டர் முழுசா வெச்சிருந்தாரு. பெட்ரோல் தீர்ற வரைக்கும் இஞ்சின் ஓடியிருக்கு. பக்கத்துல பாதி காலியான சாராய பாட்டில். பனி விழுந்து சைலன்சர் வாயை மூடியிருக்கு, புகை உள்ள திரும்பியிருக்கு. வருஷத்துக்கு ரெண்டு பேராவது இப்படிப் போறாங்கம்மா. விபத்துன்னு எழுதியிருக்கேன். ஒரு கையெழுத்து."

தாளை அவள் பக்கம் நகர்த்தினார். சிகுசாவுக்கு அழுகை வரவில்லை. உடம்பு மரத்துப்போன மாதிரி இருந்தது. படுத்துக்கொள் என்றாள், போய்ப் படுத்தான், செத்தான். இந்தத் தாள் சொல்வது அதைத்தான். அவள் பேனாவை எடுத்தாள்.

கதவு திறந்தது. தோகாஷி வந்தார். கையில் சோற்று உருண்டைப் பொட்டலம்.

"சாப்பிட மாட்டேன்னு தெரியும் சிகுசா. இருந்தாலும் வெச்சுக்கோ."

"அண்ணே, நீங்கதான பாத்தீங்க. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வைப்பர் ரெண்டும் நட்டுக்கிட்டு நின்னுச்சும்மா. அதுதான் கண்ணுல பட்டுச்சு. இல்லன்னா..."

"தூக்கி விட்டிருந்துச்சா?"

"ஆமா. எல்லாரும் தூக்கி விடுற மாதிரிதான்."

சிகுசா பேனாவைக் கீழே வைத்தாள்.

"நேத்து அவரைப் பாத்தீங்களா?"

"மூணு மணிக்கு, என் வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற பட்டறைக்கு வந்தான். வண்டியை லிப்ட்ல ஏத்தி அந்தப் பெரிய சைலன்சரைக் கழட்டிட்டுப் பழசையே மாட்டினான். பனி மேட்டுல இடிக்கும்னு மாத்துறான் போலன்னு நெனச்சேன். அடியில ஓரிடத்துல பூச்சைச் சுரண்டிப் பாத்தான். அதுக்கப்புறம் வாயே திறக்கல. நாலரைக்குக் கிளம்பிட்டான்."

"பழைய சைலன்சர் மாட்டினது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் அவனுக்கும்தான். ஷட்டர் போட்டுல்ல வேலை செஞ்சோம்."

"குடிச்சிருந்தாரா?"

"சொட்டுகூட இல்ல."

சிகுசா எழுந்து கோட்டை மாட்டினாள். "சார், நிஷிதானி கிட்டப் போவோம். பத்து நிமிஷம் போதும். அதுக்கப்புறம் எங்க வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

கணவனை இழந்த பெண்ணிடம் பத்து நிமிடத்துக்காக வாதாடுவானேன் என்று உருஷிஹாரா சாவியை எடுத்தார்.

காலை 9.20.

பண்ணைச் சாலையிலேயே, கார் கிடந்த இடத்துக்கு எண்ணூறு மீட்டர் முன்னால் இருந்தது நிஷிதானியின் பழைய கார் கடை. முற்றத்தில் இருபது வண்டிகள், எல்லாவற்றிலும் வைப்பர் தூக்கி நின்றது. நிஷிதானி ஓடி வந்து குனிந்து வணங்கினான். கண் சிவந்திருந்தது.

"அண்ணி... என்ன சொல்றதுன்னே தெரியல. அந்தப் பக்கம் போய்ப் பாக்கக்கூட மனசு வரல."

"அவரைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?"

"ஞாயித்துக்கிழமை. பனி டயர் மாட்ட வந்தான்."

"நேத்து வரலையா?"

"இல்ல அண்ணி. நேத்து முழுக்க நான் ஒத்தையாத்தான் இருந்தேன்."

"உங்க வாசலைத் தாண்டித்தான போயிருக்கணும். சத்தம் கேக்கலையா?"

"எங்க கேக்கும்? சாயங்காலத்துலேருந்து பேய்க்காத்து. பழைய சைலன்சர் வேற, பூனை மாதிரி போயிருப்பான்."

உருஷிஹாராவின் கை சட்டைப்பையிலிருந்த குறிப்பேட்டுக்குப் போனது. சிகுசா நிஷிதானியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அதுவும் வரவில்லை. செய்தி வாசிக்கிறவள் குரலில் பேச ஆரம்பித்தாள்.

"சார், நாம வைப்பரை எப்பத் தூக்குவோம்?"

"வண்டியை நிறுத்திட்டுப் போறப்ப. இல்லன்னா கண்ணாடியோட சேந்து உறைஞ்சிரும்."

"உள்ளயே ஹீட்டர் போட்டு உக்காந்திருந்தா?"

"கண்ணாடி சூடா இருக்குமே. எதுக்குத் தூக்கணும்?" சொல்லி முடிக்கும்போதே உருஷிஹாராவின் முகம் மாறியது. அந்த இரண்டு குச்சிகளைக் காலையிலிருந்து எத்தனை பேர் பார்த்திருப்பார்கள். இந்த ஊரில் பனிக்குள் நிற்கிற காருக்கு வைப்பர் தூக்கித்தான் இருக்கும். அதனாலேயே யாருக்கும் உறைக்கவில்லை.

"தூக்கினது உள்ள இருந்தவர் இல்ல. இறங்கிப் போனவன்," என்றாள் சிகுசா. "அவரைத் தூங்க வெச்சு, வண்டியை அங்க ஓட்டிட்டுப் போய், ஓட்டுற சீட்டுல உக்கார வெச்சு, பாட்டிலைப் பக்கத்துல போட்டு, எல்லாத்தையும் யோசிச்சுச் செஞ்சிருக்கான். கதவைச் சாத்தினதும் கை தானா வைப்பருக்குப் போயிருச்சு. சின்ன வயசுலேருந்து பழகின கை. வெளியூர்க்காரனா இருந்தா தப்பிச்சிருப்பான்."

"அண்ணி, நீங்க யாரைச் சொல்றீங்க?"

"உங்களைத்தான். பெரிய சைலன்சரை மாட்டிக் கொடுத்ததே நீங்க. அதைக் கழட்டினது நேத்து மூணு மணிக்கு மேல. ஞாயித்துக்கிழமைக்கப்புறம் அவரைப் பாக்கலன்னா, பழசு மாட்டினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நிஷிதானி முற்றத்து வண்டிகளைத் திரும்பிப் பார்த்தான். அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஏன்னு எனக்குத் தெரியாது சார்," என்றாள் சிகுசா. "அவர் சுரண்டின இடத்தைப் பாருங்க."

பிற்பகல் 3.30.

வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. கொட்டகையில் சிகுசா தன் பனி வண்டியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இருந்தால் செய்ய எதுவும் இல்லை. உருஷிஹாரா தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"பூச்சுக்கு அடியில குறுக்க வெல்டிங் தழும்பு இருந்துச்சும்மா. அடிபட்ட ரெண்டு வண்டியோட நல்ல பாதிகளை ஒட்ட வெச்சு ஒரே வண்டின்னு வித்திருக்கான். முற்றத்துல இன்னும் ஆறு வண்டி அதே மாதிரி. வேகமா ஓட்டினா நடுவுல பிளந்துரும். உங்க வீட்டுக்காரர் போலீசுக்குப் போவேன்னிருக்காரு. இவன் சமாதானம் பேசிக்கிட்டே காபியில தூக்க மாத்திரையைக் கலந்திருக்கான். வண்டியை விட்டுட்டு வயல் வழியா நடந்தே திரும்பியிருக்கான். தடத்தைப் பனி மூடிருச்சு. எல்லாத்தையும் ஒத்துக்கிட்டான்."

"சரி சார்."

"அதனால, நீங்க சொன்ன வார்த்தையால அவர் போகல. அதை நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன்."

"போலீசுக்குப் போறதா இருந்தா, நேரா உங்க கிட்ட வந்திருக்கலாமே. எதுக்கு அவன் கிட்டப் போனாரு?"

உருஷிஹாரா பொய் சொல்லத் தெரியாத ஆள். தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார். "முதல்ல கேட்டது வேறயாம். வண்டியைப் பழையபடியே மாத்தித் தரேன், நீயே திரும்ப எடுத்துக்கோன்னு கேட்டிருக்காரு. பாதி விலை குடுத்தாப் போதும்னாராம். வீட்டுல அவ முகம் பாத்துப் பேசி மூணு வாரமாச்சுன்னாராம். இவன் முடியாதுன்ன பிறகுதான் வெல்டிங் பேச்சை எடுத்திருக்காரு."

"அப்ப, எனக்காகத்தான் அங்க போனாரு."

உருஷிஹாரா புதிதாக எழுதிய அறிக்கையை நீட்டினார். சிகுசா கையுறையைக் கழற்றி, எங்கே என்று கேட்டு, அங்கே கையெழுத்துப் போட்டாள். அழுவாள் என்று அவர் கொஞ்ச நேரம் நின்றார். அவளும் அழுகைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை.