தலைக்கு மேலே (3)

அடுப்பிலிருந்து பாலை இறக்கி வைத்துவிட்டுச் சங்கரி கூடத்துக்குத் திரும்பியபோது, மேஜைமேல் அவள் காலியாக விட்டுப்போன மூன்று கட்டங்களில் யாரோ விடை எழுதியிருந்தார்கள்.

அவள் அமைத்துக்கொண்டிருந்த குறுக்கெழுத்துப் புதிர் அது. அகராதியைப் பார்த்து நிரப்பும் வகை அல்ல. குறிப்பிலுள்ள சொற்களையே உடைத்து, ஒட்டி, உள்ளே ஒளிந்திருக்கும் விடையைத் தோண்டி எடுக்க வேண்டிய வகை. ‘அழகின் நடுவை உள்ளே விட்டு நில், கூடவே வரும் (3)’ என்று எழுதியிருந்தாள். அழகின் நடுவெழுத்து ‘ழ’. அது ‘நில்’லுக்குள் போனால் நிழல். அந்த மூன்று எழுத்துகளும் கட்டங்களில் இருந்தன, தாள் கிழியும்படி அழுத்திய பென்சிலில்.

வாசல் கதவு தாழிட்டிருந்தது. பின்கட்டுக் கதவும் அப்படியே. நாமே எழுதிவிட்டு மறந்திருப்போம் என்று நினைத்துக்கொண்டாள். எழுத்து மட்டும் அவளுடையதாக இல்லை.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. புடவைக் கரைக்கான அன்னத்தையும் மாங்காயையும் கட்டத்தாளில் வரைந்து தறிக்காரர்களுக்குக் கொடுப்பது பிழைப்பு. அம்மா போய், அண்ணன் ஜெயக்குமாரும் செங்கல்பட்டில் வீடு வாங்கிக்கொண்டு போனபிறகு, நெசவுத் தெருவின் அந்த நீளமான வீட்டில் அவள் மட்டும்தான். மாதம் ஒரு புதிர் அமைத்து வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவாள். ஆரம்பத்தில் நாற்பது பேர் விடை அனுப்பினார்கள். போன மாதம் வந்தது ஒரே பதில். ‘ஸாரிக்கா, டைமே இல்ல, அடுத்த மாசம் பாக்கறேன்’ என்று சந்தியா போட்டிருந்தாள். ஒரு குறிப்புக்காக மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கு, அதைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் வேண்டுமென்றே புதிய புதிர் ஒன்றை, ஒரு விடையும் நிரப்பாமல், மேஜையில் விரித்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனாள். பிராகாரத்தைச் சுற்றும்போதும் நினைப்பெல்லாம் அந்தத் தாளில்தான் இருந்தது. பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டாள். பதினான்கு விடைகளும் எழுதியிருந்தன. பதினான்கும் சரி.

அவள் பயந்திருக்க வேண்டும். பயம் வந்ததும் உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. தன் மனசு போன கோணல் வழிகளிலெல்லாம் ஒருவர் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார், ஒரு திருப்பத்திலும் தவறாமல். சங்கரி நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அதன்பிறகு குழுவுக்கு அவள் எதுவும் அனுப்பவில்லை. புதிர்களை மேஜைக்கு மட்டுமே அமைத்தாள். அண்ணன் கூப்பிட்டபோது எடுக்கவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தறிகள் ஈரத்துக்குப் பயந்து நின்றுபோயின. வாசலில் தண்ணீரை வாரியடித்துப் போகும் ஆட்டோவின் சத்தமும் தேய்ந்து மறைய, மேஜையைச் சுற்றி மட்டும், சாயம் ஏற்றுமுன் வேகவைக்கும் பச்சைப் பட்டின் வாடை, புழுவும் சாம்பலும் கலந்த அந்த வாடை, நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தது. இந்த வீட்டில் பட்டு வேகவைத்து முப்பது வருஷம் ஆகிறது.

ஐந்தாம் நாள் ஒரே ஒரு குறிப்பை எழுதி வைத்தாள். ‘இனிமையின் தலை போய்த் தங்கை தலை வர, துணையில்லாமை (3)’. விடை தனிமை. அதை அது எப்படி எழுதுகிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. குளித்துவிட்டு வந்து பார்த்தாள். கட்டங்கள் காலி. அவற்றுக்குக் கீழே, அதே அழுத்தமான பென்சிலில், முதல் முறையாக ஒரு குறிப்பு எழுதியிருந்தது.

‘இசைக்குள் மரத்தின் நடு புக, தலைக்கு மேலே (3)’.

இசை என்றால் பண். மரம் என்பதன் நடுவில் ‘ர’. பண்ணுக்குள் ‘ர’ புகுந்தால்...

பரண்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெள்ளையடித்த காங்கிரீட் தளம். நடுவில் மின்விசிறி. பரண் எதுவும் இல்லை. போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

“அண்ணா, நம்ம கூடத்துல பரண் இருந்துதா?”

“என்னாம்மா, நாலு நாளா போனே எடுக்கல, இப்ப பரணைக் கேக்கற? ஓட்டு வீடா இருந்தப்ப இருந்துது. தளம் போடறப்ப அப்பா எடுத்துட்டாரு. நீ அப்ப கைக்கொழந்த.”

“அதுல என்னா இருந்துது?”

“தெரியாதும்மா. என்னை ஏற விடமாட்டாங்க. ஏன், ஒரு மாதிரி பேசற? ஒடம்பு சரியில்லையா?”

அப்போது மேலே தட்டும் சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. விரல்முட்டியால், பொறுமையாக, மூன்றெழுத்து விடையை ஒப்புக்கொள்வதுபோல.

“அண்ணா, நான் அங்க வந்துடட்டுமா?”

“இப்பவே கெளம்பு. மணி ஆறுகூட ஆவல, பஸ் இருக்குது. நான் ஸ்டாண்டுல வந்து நிக்கறேன். போனை வெச்சிட்டுக் கெளம்புமா.”

பையில் இரண்டு புடவையைத் திணித்தாள். சாவியை எடுத்தாள். வாசலுக்கு எட்டே அடி. மழையின் வெளிச்சம் கதவிடுக்கில் சாம்பலாகத் தெரிந்தது. தாழில் கையும் வைத்துவிட்டாள்.

மேஜையில் பென்சில் கீறும் சத்தம் கேட்டது.

திரும்பாமல் போயிருக்கலாம். ஆனால் ஒரு குறிப்பைப் படிக்காமல் விட்டுவிட்டுப் போக வாழ்நாளில் ஒருமுறைகூட அவளால் முடிந்ததில்லை. பையைத் தோளில் மாட்டியபடியே திரும்பி வந்து குனிந்தாள்.

‘தோலுரித்த தங்கம் உள்ளே வந்தால் சரி, நீ (4)’.

தங்கம். தோலை உரித்தால் முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் போய்விடும். மிஞ்சுவது ‘ங்க’. அது ‘சரி’க்குள் வந்தால்.

ச. ங்க. ரி.

வேண்டாம். நினைக்காதே. மனசுக்குள்கூடச் சொல்லாதே.

சொல்லிவிட்டாள்.

மேலே தட்டியது. ஒன்று. சுண்ணாம்பு அவள் தோளில் உதிர்ந்தது. இரண்டு. தளத்தில் ஒரு விரிசல் நேர்கோடாக ஓடியது. மூன்று. அதற்கு இணையாக இன்னொன்று. நான்கு. குறுக்கே கோடுகள். மின்விசிறியிலிருந்து சுவர்வரை வரிசையாக நான்கு கட்டங்கள். ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் நீளம்.

கால் நகரவில்லை.

முதல் கட்டம் விழுந்தது. கீழே அல்ல. மேல்நோக்கி, உள்ளுக்குள். சத்தமே இல்லை. அந்த இடத்தில் கறுப்பு. இரண்டாவது. மூன்றாவது. பட்டின் வாடை தொண்டையை அடைத்தது. பையில் போன் அடித்தது. அண்ணன். அடித்து ஓய்ந்தது.

நான்காவது கட்டம் திறந்தது.

கறுப்பு இல்லை. முகம்.

இமை இல்லை. உதடு இல்லை. தோலே இல்லை. ஈரச் சிவப்பு. அதன் மூக்கில் அவள் போட்டிருந்த வெள்ளைக்கல் மூக்குத்தி. சங்கரி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஈரம் பட்டது. மூக்குத்தி இல்லை.

அது வாயைத் திறந்தது. அவள் பெயரின் நான்கு எழுத்துக்கும் உதடு தேவையில்லை.

“ச...” என்று ஆரம்பித்தது, அவள் குரலிலேயே.