அடைகோழியின் நெஞ்சு

சமையலறை வாசலில் வந்து நின்ற கோழி கத்தவில்லை. தங்கைக்கு முதலில் உறுத்தியது அதுதான். அடைக்கு உட்கார்ந்திருக்கும் கோழி இரைக்கு எழுந்து வந்தால் கொல்லையையே இரண்டாக்கிவிடும். மற்ற கோழிகளை விரட்டி, கொக்கரித்து, கிடைத்ததை விழுங்கிவிட்டு, முட்டை ஆறிப்போகுமே என்று சாமான் அறைக்கு ஓடும். இன்று அது வெறுமனே நின்றது. தூறலில் நனைந்த சிறகுகளைத் தளரவிட்டுக்கொண்டு, உள்ளே வரலாமா என்று கேட்கத் தயங்கும் விருந்தாளியைப் போல. மற்ற கோழிகளெல்லாம் மதில்மேல் ஏறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பொழுது சாய இன்னும் நேரமிருந்தது.

“அக்கா, மகாராணி ஒரு மாதிரியா நிக்குது.”

“உன் கண்ணுக்கு எதுதான் ஒரு மாதிரியா இல்லாம இருந்திருக்கு?” என்றாள் அக்கா, எழுந்திருக்காமலே.

தங்கை குனிந்து கோழியைத் தூக்கினாள். அடிப்பக்கம் வெதுவெதுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. மழை ஈரம் வெதுவெதுப்பாக இருக்காது. கையை விளக்கின் கீழே கொண்டுபோனாள். அவள் எழுப்பிய சத்தத்தில் அக்கா எழுந்து வந்தாள்.

அக்கா ஆஸ்பத்திரியில் கட்டுப்போடும் அறையில் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். யாராவது கையை அறுத்துக்கொண்டு வந்தால் அவள் முகத்தில் தனிக் களை வந்துவிடும் என்று தங்கை கேலி செய்வாள். தங்கைக்குப் பள்ளிக்கூட நூலகத்தில் வேலை. நாற்காலி கிறீச்சிட்டாலே திரும்பிப் பார்க்கும் சுபாவம். இருவரைத் தவிர அந்த வீட்டில் ஆளில்லை. கோழிகள்தான் பொழுதுபோக்கு, கோழிகள்தான் சண்டைக்கும் காரணம்.

கால்நடை டாக்டருக்குப் போன் போட்டார்கள். ஊரில் இல்லையாம், நாளைக்குத்தான் வருவாராம்.

“சரி, நாமளே பாத்துக்கலாம். துண்டை எடுத்துத் தலையை மூடு. இருட்டாயிட்டா அடங்கிடும்.”

மூடத் தேவையே இருக்கவில்லை. சாப்பாட்டு மேசைமேல் விரித்த பழைய துணியில் கோழி மல்லாந்து கிடந்தது, துவைத்துப் போட்ட துணி மாதிரி. அக்கா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிட்ட தண்ணீரைச் ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சினாள். ஒட்டிப்போன இறகுகளை வெட்டி ஒதுக்கினாள். நனைந்த இறகின் புழுக்க நெடியோடு வேறொரு வாடை கிளம்பியது. அழுகல் இல்லை. பால் குடித்துத் தூங்கும் கைக்குழந்தையின் வாயிலிருந்து வருமே, அப்படி ஒரு லேசான, இனித்த புளிப்பு.

நெஞ்சில், முட்டைக்குச் சூடு கொடுக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்குத் தோலே இல்லை.

“நாயா இருக்குமோ?”

“நாய் முதுகைக் கவ்வும். கீரின்னா கழுத்து.” அக்கா கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு குனிந்தாள். “இது அடியிலேருந்து பட்டிருக்குடி. பாரு, ஓரமெல்லாம் வட்ட வட்டமா புண்ணு. ஒண்ணு ஆறிவர, அதுமேலயே இன்னொண்ணு. பழசுமேல புதுசு.”

“அப்படின்னா?”

“பல நாளா நடந்திருக்கு. இது எழுந்திருக்காம உக்காந்து குடுத்திருக்கு.”

அக்கா பழுப்பு மருந்தைத் தடவி, பஞ்சு வைத்து, இறுக்காமல் கட்டினாள். சர்க்கரைத் தண்ணீரை அலகோரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். அழுக்குத்துணிக் கூடையில் துண்டை மடித்துப் போட்டு, கோழியை அதில் வைத்துக் குளியலறையில் விட்டார்கள். மற்றதுகளோடு விட்டால் கட்டைக் கொத்திப் பிய்த்துவிடும்.

தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. மேசையைத் துடைத்தாள். துடைத்த மேசையை மறுபடி துடைத்தாள். ஜன்னலைச் சாத்தினாள், அந்த இனித்த வாடை போகட்டும் என்று திறந்தாள். மதில்மேல் கோழிகள் அசையாமல் இருந்தன. எல்லாம் ஒரே பக்கம் பார்த்தபடி. சாமான் அறைப் பக்கம்.

அப்போது குளியலறையில் கோழி கூப்பிட ஆரம்பித்தது.

வலியில் கத்தும் குரல் இல்லை அது. தொண்டைக்குள்ளேயே உருட்டி, க்ளக், க்ளக், க்ளக் என்று தாய்க்கோழி குஞ்சுகளைக் கிட்டே கூப்பிடுகிற குரல்.

கொல்லையில், சாமான் அறைக்குள்ளிருந்து பதில் வந்தது. மெலிசாக. பல குரலில்.

“பொரிஞ்சிடுச்சு!” அக்காவின் முகம் மலர்ந்தது. “பாவம், அம்மா இல்லாம குளிர்ல கிடக்கும்.”

“அது குஞ்சு கத்துற மாதிரி இல்லேக்கா.”

“பின்ன எது மாதிரி இருக்கு?”

தங்கை அவள் கையைப் பிடித்தாள். “போகாதேக்கா. டாக்டர் வரட்டும்.”

“டாக்டர் வந்து அதுங்களுக்குத் தாலாட்டா பாடப் போறாரு? நீ கோழியைப் பாரு.”

அக்கா டார்ச்சை எடுத்துக்கொண்டு, நைட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்து, சேற்றைத் தாண்டித் தாண்டிப் போனாள். சாமான் அறைக் கதவு முனகித் திறந்தது. உள்ளே கத்திக்கொண்டிருந்த குரல்கள் நின்றன. எல்லாம் ஒன்றாக.

தங்கை குளியலறைக்கு ஓடினாள். கோழி கூடையிலிருந்து வெளியே வரப் போராடிக்கொண்டிருந்தது. கட்டுப்போட்ட நெஞ்சால் கூடையின் பக்கத்தை இடித்தது. மறுபடி இடித்தது. வெள்ளைக் கட்டில் சிவப்பு பரவியது. அவள் இரண்டு கையாலும் அதை அமுக்கிப் பிடித்தாள். உள்ளங்கைக்கடியில் அதன் இதயம் தறிகெட்டு அடித்தது.

திடீரென்று கோழி அடங்கியது. கழுத்தைச் சுருக்கிக்கொண்டது. பாரத்தை இறக்கி வைத்தவளைப் போல ஒரு பெருமூச்சு. கண்ணை மூடிக்கொண்டது.

க்ளக், க்ளக், க்ளக்.

தங்கை கையிலிருந்த கோழியைப் பார்த்தாள். அலகு மூடியிருந்தது.

சத்தம் கொல்லையிலிருந்து வந்தது.

“அக்கா?”

க்ளக், க்ளக்.

வெளியே வந்தாள். தூறல் நின்றிருந்தது. மதில் காலியாக இருந்தது. ஒரு கோழிகூட இல்லை. சாமான் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. கீழே விழுந்து கிடந்த டார்ச்சின் வெளிச்சம் தரையோடு தரையாக. இனித்த வாடை. இப்போது கனமாக. நாக்கில் ஒட்டுகிற மாதிரி.

கதவைத் தள்ளினாள்.

அக்கா வைக்கோலின்மேல் உட்கார்ந்திருந்தாள். நைட்டியை நாலாபக்கமும் விரித்து விட்டிருந்தாள். விளிம்புகளைக் கவனமாகத் தரையோடு அமுக்கி, காற்று புகாமல். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனால் அப்படியொரு அமைதியை அந்த முகத்தில் தங்கை கண்டதே கிடையாது. கண் பாதி சொருகியிருந்தது. தொண்டை மட்டும் அசைந்தது. க்ளக். க்ளக்.

துணிக்கடியில் ஏதோ புடைத்தது. நகர்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. முட்டி முட்டி மேலே ஏறின. மடியில் துணி நனைந்துகொண்டே வந்தது. விளிம்பைத் தாண்டி வைக்கோலில் சொட்டியது.

“அக்கா, எந்திரி.”

“சத்தம் போடாதடி.” கொஞ்சுகிற குரல். “இப்பதான் குடிக்க ஆரம்பிச்சிருக்கு.”

புடைப்புகள் நின்றன. எல்லாம் ஒன்றாக. பிறகு தங்கை நின்ற பக்கம் திரும்பின.

அக்கா மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள். தன் பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டாள். நனைந்த கையால் அந்த வைக்கோலைத் தட்டிக் காட்டினாள்.

“வா. நிறைய இருக்கு. நான் ஒருத்தி போதாது.”