பெயர் வரும் இடம்

ஒருவருக்காக அழுவதற்கு பிஷ்கெக் நகரில் ஐயாயிரம் சோம் கூலி. ஒப்பாரிக்காரி ஜிபார் நாலாயிரம்வரை இறங்கி வருவாள். அதற்கும் கீழே பேரம் பேசினால், "அப்போ நீங்களே அழுதுக்குங்க" என்று போனை வைத்துவிடுவாள். மாஸ்கோவுக்குக் கூலி வேலைக்குப் போய் இறந்தவர்களின் வீட்டார் இப்போதெல்லாம் ஒப்பாரியைப் பதிவு செய்து அனுப்பச் சொல்கிறார்கள். அதற்காக வாங்கிய மைக்கில், முதல் பதிவிலேயே ஒரு சின்னப் பிசகு. இறந்தவர் பெயர் வர வேண்டிய இடத்தில் அவள் விட்டிருந்த இடைவெளியில் யாரோ மூச்சு விட்டிருந்தார்கள்.

முதலில் எர்மெக் மேல்தான் சந்தேகம் போயிற்று. தொர்தோய் சந்தையில் சரக்குக் கன்டெய்னருக்குள் கடை வைத்திருப்பவன். காலையில் அவன்தான் விற்றான்.

"அக்கா, அந்தப் பளபளப்பு மைக் வேணாம். மூணாவது தெரு நாயையும் சேர்த்துப் பிடிக்கும். இதை எடுங்க. மூஞ்சிக்கு நேரா இருக்கிறது மட்டும்தான் இதுக்குக் கேட்கும். பின்பக்கம் செவிடு."

"சாஃப்ட்வேருக்கு எவ்வளவு?"

"இலவசமா கிடைக்கிறதே போதும், நானே ஏத்தித் தர்றேன். கத்துக்கிறதுக்கு முன்னாடியே காசைக் கொட்டிட்டு அழாதீங்க."

"அழுறதுக்குத்தான்டா வாங்குறேன். ஐந்நூறு குறை."

சிரித்துக்கொண்டே முந்நூறு குறைத்தான். எதிரொலி வராமலிருக்கச் சுவரில் மெத்தைகளைத் தொங்கவிட்டு, அதைப் பார்த்து உட்காரச் சொன்னான்.

அப்படியே செய்தாள். கல்யாணச் சீராக வந்த மெத்தைகளை ஆணியடித்துத் தொங்கவிட்டு, சுவரோரம் மைக்கை நிறுத்தி, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். சாவு வீட்டில்தான் பெண்கள் இப்படிச் சுவரைப் பார்த்து அமர்ந்து கொஷோக் என்னும் ஒப்பாரி பாடுவார்கள். ஆண்கள் வெளியிலிருந்து அழுதுகொண்டே வருவார்கள். சாவில்லாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது. உயிரோடிருப்பவர் பெயரை அதில் வைத்தால், சாவு அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு வீடு தேடி வரும். அவள் யார் பெயரையும் வைக்கவில்லை. சோதனைப் பதிவுதானே என்று இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். காலியாகக் கிடக்கும் கடையில் எவனும் வந்து உட்காருவான் என்பது சந்தைக்காரி மகளான அவளுக்கு ஏனோ அப்போது தோன்றவில்லை.

இரண்டாம் முறை பாடினாள். நிலக்கரிப் புகை ஜன்னலை மூடி மாலையை மங்கலாக்கியிருக்க, தன் குரல் மெத்தைகளுக்குள் அமிழ்ந்து ஈரத் துணிபோல் கனத்துத் திரும்புவதைக் கேட்டபடியே, பெயருக்கான இடம் வந்ததும் வாயை மூடி, அடுத்த அடிக்காகக் காத்திருந்தாள். அப்போது மூக்கில் ஏறியது, கொதிக்கும் எண்ணெயின் மணம். இறந்தவர்களுக்காகப் போர்சோக் மாவுத்துண்டுகளைப் பொரிக்கும்போது வீடெல்லாம் நிறையுமே, அதே மணம். அவள் அடுப்புப் பற்றவைக்கவே இல்லை.

பதிவை ஓடவிட்டாள். இடைவெளியில் ஒரு ஆண் அழுகை. தூரத்தில். தெருக்கோடியில்.

ஓரோஸ்! அவள் புருஷன். இந்த உறைபனியில் மினிபஸ் ஓட்டப் போயிருக்கிறான். போன் போட்டாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை.

இடத்தை வேறு எதையாவது போட்டு அடைத்துவிடலாம் என்று மூன்றாம் முறை பாடி, அந்த இடத்தில் "யாருமில்லை, யாருமில்லை" என்றாள். திரும்பக் கேட்டபோது அந்த வார்த்தைகள் பதிவாகவே இல்லை. அழுகை மட்டும் இருந்தது. இம்முறை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில்.

மைக்கின் முகம் அவளைப் பார்த்திருந்தது. அவளை மட்டுமல்ல. அவள் முதுகுக்குப் பின்னால் இருந்த அறை முழுவதையும்.

திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

கேட் கிறீச்சிட்டது.

"ஜிபார்! கதவைத் திறந்து போட்டுட்டு என்ன பண்ற? வீடே குளிருது!"

ஓரோஸ். அவன் குரல். அவன் பூட்ஸ் சத்தம். அவளுக்கு உயிர் வந்தது.

"போனை ஏன் எடுக்கல?"

"பனியில ஸ்டியரிங்கைப் பிடிப்பேனா, உன் போனைப் பிடிப்பேனா?" பூட்ஸைக் கழற்றியவன் மெத்தைகளைப் பார்த்துச் சிரித்தான். "யாரு செத்தது? நம்ம வீட்டையே சாவு வீடாக்கிட்டியே! எவ்வளவு கொடுத்த இந்தத் தகர டப்பாவுக்கு? எர்மெக் மொட்டையடிச்சிருப்பானே."

"தொடாதீங்க. அதைப் போடாதீங்க."

போட்டுவிட்டான். அவளுக்கும் சுவருக்கும் நடுவே வந்து, ஹெட்போனை ஒரு காதில் வைத்து, கண்ணைச் சிமிட்டி, பெரிய இசைமேதைபோல் தலையாட்டினான்.

தலை நின்றது.

"இது எப்ப எடுத்த?"

"என்ன கேட்குது?"

"நான் அழுறேன்." உதடு வெளுத்திருந்தது. "நான்தான். என் குரல். நான் எங்கடி அழுதேன்? உன் பேரைச் சொல்லிச் சொல்லி அழுறேன்."

மடிக்கணினித் திரையில் பச்சைக் கோடு துள்ளியது. மைக் இப்போதும் எதையோ பதிவு செய்துகொண்டிருந்தது. இருவரும் வாய் திறக்கவில்லை. கோடு ஏறியது. இறங்கியது. ஏறியது. கொதிக்கும் எண்ணெய் அறைக்குள்ளேயே சடசடத்தது.

"ஜிபார், திரும்பாத," என்றான் ஓரோஸ். அவன் பார்வை அவளுக்குப் பின்னால் இருந்தது.

ஒப்பாரி தயார். அழ ஆளும் வந்தாயிற்று. பெயரும் விழுந்தாயிற்று. சாவு வீட்டுக் கணக்கில் பாக்கி பிணம் ஒன்றுதான்; அது சுவர் மெத்தையை வெறித்தபடி இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.