கப்பலுக்கு முந்தின நாள்

அன்றைக்குக் கப்பல் குறித்த நேரத்தில் புறப்பட்டிருந்தால், நான் இதை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது.

1936-ஆம் வருஷம், ஆனி மாதம். எனக்கும் முத்துவடிவுக்கும் கல்யாணமாகி ஆறு நாள். தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் நான் குமாஸ்தா. எங்கள் துரை கல்யாணப் பரிசாக, கொழும்புக்குப் போய்வர இரண்டு டிக்கெட்டுகளைக் கொடுத்திருந்தார். "ஹனிமூன், வல்லிநாயகம்" என்று சொல்லிக் கண்ணைச் சிமிட்டினார். எங்கள் ஊர் இலஞ்சியில் அந்த வார்த்தைக்கு என்ன விளக்கம் சொல்வது? ஆபீஸ் வேலையாகப் போகிறேன், அவளையும் கூட்டிப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தேன்.

நல்ல நேரம் பார்த்து விடியற்காலையில் இலஞ்சியை விட்டுக் கிளம்பினோம். தென்காசி ஸ்டேஷனில் பெட்டிகளை இறக்கும்போதே ஆபீசிலிருந்து வந்த ஒரு தந்தியை ஸ்டேஷன் மாஸ்டர் நீட்டினார். கடலில் காற்று பலமாக இருக்கிறதாம். கப்பல் நாளை மறுநாள்தான் புறப்படுமாம்.

கையில் ஒரு நாள் மிச்சம்.

வீட்டுக்குத் திரும்ப முடியாது. புது மணமக்கள் நேரம் பார்த்துப் படியிறங்கிவிட்டு அதே நாளில் திரும்பிப் போய் நின்றால் ஊரில் ஆயிரம் பேசுவார்கள். சத்திரத்தில் அறை எடுத்துப் படுத்துக் கிடக்கலாம் என்றேன். முத்துவடிவு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். கடையத்துப் பெண். பதினெட்டு வயது. அந்த ஆறு நாளில் என்னிடம் ஆறு வாக்கியம் பேசியிருந்தால் அதிகம்.

"குத்தாலம் போவமா?" என்றாள்.

"கடல்ல போகப் போறோம். அதுக்கு முந்தி உடம்புக்கு ஏதாவது வந்துட்டா?"

"ஒண்ணும் வராது. சின்னதுலேருந்து போயிருக்கேன். போறப்பல்லாம் சித்தி, பெரியம்மை, அத்தைன்னு பத்துப் பேரு. தலையை நனைக்கதுக்குள்ள கையைப் பிடிச்சு இழுத்திருவாங்க. இன்னைக்கு யாரு கேக்கப் போறா?"

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை அடக்குகிறாள் என்பது தோளில் தெரிந்தது. அந்தத் தோளைப் பார்த்துத்தான் நான் குதிரை வண்டியைக் கூப்பிட்டேன்.

சாரல் அந்த வருஷம் முன்னாலேயே தொடங்கியிருந்தது. குற்றாலத்தில் கால் வைக்க இடமில்லை. தங்குமிடமெல்லாம் நிரம்பி வழிந்தது. வண்டிக்காரர் நாலு இடத்தில் கேட்டுவிட்டு, ஆற்றைத் தாண்டி மரங்களுக்குள் ஒளிந்திருந்த பழைய வீடு ஒன்றின் முன்னால் நிறுத்தினார். மாடத்தி என்ற வயதான பெண் வந்து கதவைத் திறந்தாள். சீசனில் பெண்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுகிறவள். மற்ற நாளில் இந்த வீட்டுக்குக் காவல்.

உள்ளே பகலிலும் விளக்கு வேண்டியிருந்தது. சுண்ணாம்புச் சுவரெல்லாம் ஓதம். ஈரத்துணியை மடித்துப் பெட்டிக்குள் மறந்துபோனால் வருமே, அந்த வாடை. எங்கிருந்தோ ஓயாமல் ஒரு இரைச்சல். கொல்லைக் கதவைத் திறந்ததும் காரணம் தெரிந்தது. பத்தடி தள்ளி ஒரு பாறை. அதன் மேலிருந்து இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அகலம் ஒரு கதவு அளவுதான். தண்ணீருக்குப் பின்னால் பாறை குடைவாக, இருட்டாக இருந்தது.

"இதுக்கு என்ன பேரு?" என்று முத்துவடிவு கேட்டாள்.

"பேரு கெடையாது தாயி" என்றாள் மாடத்தி. "குளிக்கணும்னா பெரிய அருவிக்குப் போங்க. கூட்டமா இருந்தாலும் அங்கனயே போங்க. இது ஒத்தைக்குக் குளிக்கிற தண்ணி இல்ல."

மாடத்தி சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் முத்துவடிவு என்னைப் பார்த்தாள்.

"நீங்க இருக்கீங்கல்லா? பெறகு எப்படி ஒத்தை ஆகும்?"

பாறைப் பக்கம் முதுகைக் காட்டி ஒரு கல்லில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தேன். எனக்குப் பயமென்று சொல்ல முடியாது. ஆனாலும் "பேசிக்கிட்டே குளி. சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கணும்" என்றேன். அவள் தண்ணீருக்குள் போய் வீரிட்டுச் சிரித்தாள். ஆறு நாளில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதில்லை. கப்பலில் சோறு போடுவார்களா, ராத்திரி கப்பல் வழி தவறினால் யாரிடம் கேட்பார்கள் என்று அங்கிருந்தே கத்திக் கத்திக் கேட்டாள். பத்திரிகையில் ஒரு வரிகூட நான் படிக்கவில்லை.

"கொழும்புல என்ன வாங்கணும், சொல்லு" என்றேன்.

"அம்மைக்கு ஒரு கம்பளி. பனிக்காலத்துல மூட்டு வலியில கெடந்து துடிக்கா."

"அப்புறம்?"

பத்திரிகையை மடித்து வைத்தேன்.

"வடிவு, அப்புறம்?"

திரும்பிப் பார்த்தேன். வெள்ளையாக விழும் தண்ணீருக்குப் பின்னால் ஒரு உருவம் அசையாமல் நின்றது. பிறகு தண்ணீரை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். சேலை உடம்போடு ஒட்டியிருந்தது. என் பக்கத்தில் வந்து நின்று துண்டுக்குக் கை நீட்டினாள். நான் கொடுத்தேன்.

அப்போதுதான் கேட்டது.

"அப்புறம் உங்களுக்கு ஒரு குடை!"

தண்ணீருக்குள்ளிருந்து. சிரிப்போடு.

என் பக்கத்தில் நின்றவளின் வாய் மூடியிருந்தது.

"யாரு உள்ள?" என்றேன்.

"யாருமில்ல" என்றாள். "பாறையில பட்டுத் திரும்பிக் கேக்குது. வாங்க, குளிருது."

"இந்தாருங்க, கேக்குதா?" என்றது உள்ளேயிருந்த குரல். இப்போது அதில் சிரிப்பு இல்லை. "எந்தப் பக்கம் நிக்கீங்க? வழி தெரியல. இந்தாருங்க!"

ஓடினேன். தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டேன். இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை என் விரல்களைப் பற்றியது.

சூடாக இருந்தது. உயிருள்ள கை. மருதாணி வைத்த விரல்கள்.

அதே நேரத்தில் பின்னாலிருந்து என் இன்னொரு மணிக்கட்டை அவள் பிடித்தாள். ஆழக் கிணற்றுத் தண்ணீரில் கையை முக்கினதுபோல் எலும்புவரை ஜில்லிட்டது.

நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதுகிறேன். பயத்தில் நான் உதறினேன். இரண்டு கையையும்தான் உதறினேன். ஆனால் குளிர்ந்த கை விடவில்லை. சூடான கைதான் நழுவிப் போனது.

மாடத்தி கூடையோடு திரும்பி வந்தபோது, வெளியே வந்தவள் அறைக்குள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். நான் கொல்லை வாசலில் உட்கார்ந்திருந்தேன். மாடத்தி கதவிடுக்கு வழியாக அவளைப் பார்த்தாள். கூடையை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"ஐயா, தண்ணிக்குள்ள எத்தனை பேரு போனாங்க?"

"ஒருத்தி."

"வெளிய வந்தது?"

"ஒருத்தி."

"உள்ளேயிருந்து கொரல் கேட்டுதா?"

தலையாட்டினேன். மாடத்தி என் காதருகே குனிந்தாள்.

"அப்ப உங்க வீட்டம்மா உள்ளதான் இருக்கு. பொழுது சாயுறதுக்குள்ள தண்ணிக்கு முன்னால நின்னு பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. தாலி கட்டினவரு கூப்பிட்டா வந்திரும். வந்திட்டா, இவ போயிருவா. இருட்டிட்டா முடியாதய்யா."

பாறைக்கு முன்னால் போய் நின்றேன். சாரல் முகத்தில் அடித்தது. உள்ளேயிருந்து அழுகைச் சத்தம் விட்டுவிட்டு வந்தது. வாயைத் திறந்தேன்.

"கூப்பிடப் போறீங்களா?"

கொல்லை வாசலில் அவள் நின்றாள். கன்னம் நனைந்திருந்தது.

"நான்தான் வடிவு. கிழவி ஏதோ சொன்னான்னு என்னைப் போகச் சொல்லுதீங்களா? கூப்பிட்டு நான் செத்துப் போனா என்ன செய்வீங்க?"

தாலி கட்டும்போது நான் அவள் காதில் ஒன்று சொல்லியிருந்தேன். மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. "அது என்னன்னு சொல்லு" என்றேன்.

"கை நடுங்குது, சிரிக்காதேன்னு சொன்னீங்க."

சரியாகச் சொன்னாள்.

"அந்தப் பிள்ளைக்குத் தெரிஞ்சதெல்லாம் இவளுக்கும் தெரியும்யா" என்று மாடத்தி முணுமுணுத்தாள். "கூப்பிடுங்க. நேரம் போகுது."

எதிரில் அழும் மனைவி. தண்ணீருக்குள் அழும் மனைவி. ஒருத்தியைக் கூப்பிட்டால் ஒருத்தி இல்லை. என் விரல்களுக்கு உண்மை தெரிந்திருந்தது. ஆனால் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரு குரலை நம்பி அந்த இருட்டைப் பார்த்துக் கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம், இன்னும் வெளிச்சம் இருக்கிறது என்று நின்றேன்.

மலையில் வெளிச்சம் சீக்கிரம் போய்விடும்.

கடைசியாகக் கேட்டது "இந்தாருங்க" என்பதுதான். அதற்குப் பிறகு தண்ணீர்ச் சத்தம் மட்டும். மாடத்தி என்னைப் பார்க்கவில்லை. கொல்லைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

மறுநாள் ரயில் ஏறினோம். அதற்கு மறுநாள் தூத்துக்குடியில் படகில் போய்க் கப்பலில் ஏறினோம். அலை பெரிதாக இருந்தது. எல்லோரும் வாந்தி எடுத்தார்கள். அவள் மட்டும் கம்பியைப் பிடித்தபடி கீழே தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொழும்பில் கடைகடையாக ஏறி அம்மைக்குக் கம்பளி வாங்கினாள். குடைக் கடையைத் தாண்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். விடியற்காலையில் கண்விழித்தால் அவள் தலையணை பிழியப் பிழிய நனைந்திருக்கும். பாசி வாடை அடிக்கும்.

தூத்துக்குடிக்கு வந்து குடித்தனம் வைத்தோம். நன்றாகச் சமைத்தாள். அண்டை அயலில் எல்லோருக்கும் அவளைப் பிடித்தது. ஆடிக்கு அழைத்துப் போகக் கடையத்திலிருந்து ஆள் வந்தபோது மட்டும், போகமாட்டேன் என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

பங்குனியில் மாடத்தி யாரையோ கொண்டு எழுதுவித்த கடிதம் ஆபீசுக்கு வந்தது. "தண்ணீர் வற்றிவிட்டது. உடனே வரவும்." அவ்வளவுதான்.

போனேன். பாறைக் குடைவுக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். எலும்பும், கூறைச் சேலையின் கரையும், மஞ்சள் கயிறும். அந்தக் குடைவிலிருந்து வெளியே வர மூன்றடிகூட இல்லை.

மாடத்தியும் நானும் மரங்களுக்குப் பின்னால் விறகு அடுக்கி எரித்தோம். மனைவி வீட்டில் உயிரோடு இருக்கிறவன் யார் பெயரைச் சொல்லிக் கொள்ளி வைப்பான்? பெயர் சொல்லாமல்தான் வைத்தேன். அவளுக்காக அழ என்னையும் அந்தக் கிழவியையும் தவிர உலகத்தில் ஒருவரும் இல்லை. பெற்றவளுக்குக்கூடத் தன் மகள் செத்தது தெரியாது.

அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தூத்துக்குடிக்குத் திரும்பியபோது மாமியார் பிச்சம்மாள் வீட்டில் இருந்தார்கள். நான் கிளம்பிய அன்றே மகளைப் பார்க்க வந்தார்களாம். சாயங்காலம் அவள் கோவிலுக்குப் போனதும் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்கள்.

"மாப்பிள்ளை, ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க அத்தை."

"மாசம் தவறாம காயிதம் போடுதா. அவ எழுத்துதான். கொழும்புக் கம்பளியும் வந்து சேந்துது. நான் இங்கன வந்து மூணு நாளாச்சு. சிரிக்கா, பேசுதா, எம் மடியில தலை வச்சுப் படுக்கா." என் முகத்தை நேராகப் பார்த்தார்கள். "எம் மக எங்க, மாப்பிள்ளை?"

எல்லாவற்றையும் சொன்னேன். கையை உதறினதையும் சொன்னேன். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார்கள்.

"காலையில குளிச்சிட்டு மொத வண்டிக்குப் போறேன்" என்றார்கள். "எரிச்ச எடத்துல ஒரு செம்பு பாலாவது ஊத்தணும். பேரைச் சொல்லி அழணும். நான் அழாம யாரு அழுவா?"

காலையில் நான் எழுந்து வந்தபோது மாமியார் ஈரத்தலையோடு கூடத்தில் நின்றார்கள். கையில் எனக்குக் காப்பி. அடுப்படியில் அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள்.

"வண்டிக்கு நேரமாச்சே அத்தை. நீங்க கிளம்பலியா?"

"எங்க?"

"குத்தாலத்துக்கு."

"அங்கன எனக்கு என்ன சோலி?" என்று சிரித்தார்கள். "எம் மக இங்கன இருக்கும்போது?"

அவர்கள் முந்தானையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

அவர்களுக்குப் பின்னால், கொல்லையில், குளியலறைக் கதவை உள்ளேயிருந்து யாரோ தட்டினார்கள். முதலில் மெதுவாக. பிறகு இரண்டு கையாலும்.

"மாப்பிள்ளை!"

நான் காப்பியை வாங்கிக்கொண்டேன்.