சூசைமாணிக்கம் அடக்கம்

ஃபோல்டர் ஒன்று அதிகமாக இருந்தது.

ஆன்றோ மறுபடி எண்ணினான். காலையில் இருநூற்றுப் பன்னிரண்டு. இப்போது இருநூற்றுப் பதின்மூன்று. தாராவியில் பாதி வீட்டுக் கல்யாணமும் அடக்கமும் அவன் கேமராவில் எடுத்தவைதான். ஒன்று செத்தால் மற்றது இருக்கும் என்று, அத்தனையையும் ஒரே மாதிரி இரண்டு டிஸ்கில் வைத்திருந்தான். ஒரு வாரமாக அதில் ஒன்று கடக் கடக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. பூசை முடிந்து வந்ததும் அதைக் கழற்றிப் புதிதை மாட்டினான். நல்ல டிஸ்கிலிருந்து எல்லாம் நகலாகி முடிய சாயங்காலம் ஆகிவிட்டது. நகல் என்றால் இருப்பதுதானே வர வேண்டும்?

கூடுதலாக வந்ததன் பெயரைப் படித்தான். சூசைமாணிக்கம் அடக்கம்.

அப்படி ஒரு வீடியோவே கிடையாது. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். ஜனவரியில் சூசைமாணிக்கம் இறந்தபோது மகன் சாஜனால் தோஹாவிலிருந்து வர முடியவில்லை. அவனுக்காகத்தான் அவர் மனைவி லூர்து மேரியக்கா வீடியோ எடுக்கச் சொன்னாள். கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திய ஆன்றோ, ரிக்கார்டை அமுக்க மறந்துபோனான். போனில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டியை மூடி ஆணி அடித்த பிறகுதான் உறைத்தது. "டிஸ்க் கராப் ஆயிட்டுக்கா, எல்லாம் போச்சு" என்று வாய் கூசாமல் சொன்னான். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவன் புளுகு ஆறு மாதம் ஓடிவிட்டது.

அவள் நம்பியதுதான் கொடுமை. இன்று காலை கோயில் வாசலில் பிடித்துக்கொண்டாள்.

"மாஹிம் மாதா கோயில்ல ஒம்பது புதன் நவநாள் போயிட்டேன் தம்பி. மெழுகுல கம்ப்யூட்டர் செஞ்சு விக்கான்லா, அத வாங்கி மாதா காலடியில வச்சிருக்கேன். ஒங்க டிஸ்கு பொழச்சிரும்."

சாகாத டிஸ்குக்கு நேர்ச்சை! அவனுக்கு அவமானத்தில் காது சுட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டுமே என்று, "இன்னிக்குத்தான் டிஸ்க் மாத்துறேன்க்கா" என்று உளறினான். "அப்பம் சாயங்காலம் வாறேன்" என்று சொல்லிப் போனாள்.

அவன் மனைவி ஜாக்குலின் பிள்ளைகளோடு நெருளில் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாள். மழை தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே பட்டறையிலிருந்து ஈரத் தோலின் வாடை ஏணி வழியாக மேலே ஏறி, விளக்குப் போட்ட பிறகும் இருட்டாகவே இருந்த அந்தச் சின்ன அறையில் தங்கி நின்றது. ஃபோல்டரை அழித்தான். போயிற்று. மூடித் திறந்தான். இருந்தது.

உள்ளே ஒரே வீடியோ. நீளம் நாலாயிரத்து முன்னூற்றுச் சொச்சம் மணி. கணக்குப் போட்டான். ஆறு மாதம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வினாடி கூடியது. இன்னொன்று.

திறந்தான்.

அவன் கேமரா நின்ற இடத்திலிருந்து எடுத்ததல்ல அது. கீழேயிருந்து, மல்லாந்து பார்க்கும் படம். சுற்றிலும் முகங்கள் குனிந்தன. ரோஜா இதழ்கள் திரையில் விழுந்து ஒட்டின. அழுகைக்கு நடுவே, இரண்டு தோள்களின் இடைவெளியில், ஸ்டாண்டுக்குப் பின்னால் அவனே நின்றான். துக்கத்தில் தலை குனிந்திருப்பதாக அன்று எல்லோரும் நினைத்தார்கள். மோவாயில் போன் வெளிச்சம். உதட்டில் சிரிப்பு. பெட்டிக்குள்ளிருந்து அவர் அதைப் பார்த்திருக்கிறார்.

மூடி வந்தது. இருட்டு. ஆணி. பிறகு மண் விழும் சத்தம்.

நிறுத்தத்தான் கையை நீட்டினான்.

ஏணி கிறீச்சிட்டது. நனைந்த சேலையோடு மேரியக்கா ஏறி வந்தாள். கையிலிருந்த போனில் சாஜனின் முகம்.

"கெடச்சிட்டா தம்பி? மவன் லைன்ல இருக்கான். அப்பா மொகத்த ஒரு தடவ பாக்கணுங்கான்."

"யக்கா, பாக்காதிய."

அவள் அதற்குள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். "என்ன, ஒரே இருட்டாருக்கு?"

ஸ்பீக்கரில் யாரோ இருமினார்கள்.

அவள் கை நெஞ்சுக்குப் போனது. "அவிய இருமலுல்லா."

"அப்பா?" என்றான் சாஜன்.

ஆறு மாதமாகத் தொண்டையில் நின்றது அப்போதுதான் வெளியே வந்தது. "யக்கா, டிஸ்க் ஒண்ணும் போவல. நான் அன்னிக்கு எடுக்கவே இல்ல."

அவள் திரும்பவில்லை. பதில் இருட்டுக்குள்ளிருந்து வந்தது. பல்லிடுக்கில் மண் நறநறக்கும் குரல்.

"தெரியும்டே ஆன்றோ. நாந்தான் எடுத்துக்கிட்டிருக்கேன்."

ஆன்றோ தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்த முகம் இல்லை. மேரியக்கா அழுதுகொண்டே போனைத் திருப்பி, மகனின் முகத்தை அந்தக் கறுத்த கண்ணாடியோடு சேர்த்து அழுத்தினாள்.

"அப்பாக்குக் கடைசி முத்தம் குடு மக்கா."

உள்ளிருந்து ஏதோ கண்ணாடியோடு ஒட்டியது. ஈரமாக. வெகுநேரம்.

அவள் போனை எடுத்தபோது, தோஹாவில் சாஜன் உதட்டைத் துடைத்து விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நிறைய ஈர மண். வாயைத் திறந்தான், அலறுவதற்கு. வாய்க்குள்ளும் மண்.