கனிஷ்காவுக்குக் கணக்கு வராது

ஒரு கையில் போண்டா இருந்ததால் மறு கையால் தட்டச்சு செய்தேன். அதனால்தான் அந்த 'க்கு' இடம் மாறி ஒட்டிக்கொண்டது என்று இன்றுவரை என்னை நானே சமாதானப்படுத்தி வருகிறேன். உண்மையில் இரண்டு கையும் காலியாக இருந்திருந்தாலும் அதையேதான் அடித்திருப்பேன். என் திறமை அப்படி.

உடுமலைப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா அனுப்பிய குரல்செய்தி அது. பின்னணியில் தேங்காய் உரிக்கும் இயந்திரம் அலறிக்கொண்டிருந்தது. அந்த அம்மா சொன்னது: "காச்சலுங்க, புள்ள இன்னைக்குக் கணக்குக்கு வராதுங்க." எனக்குக் கேட்டது: புள்ள, பிறகு ஓர் அலறல், ஒரு 'க்கு', கணக்கு, வராதுங்க. உதிரியாகக் கிடந்ததைச் சேர்த்து ஒழுங்குபடுத்தி நான் பதிந்தது: "கனிஷ்காவுக்குக் கணக்கு வராது."

ஒரு கணம் ஐயம் வந்தது, மறைக்கவில்லை. திரும்பக் கேட்டிருக்கலாம். ஆனால் பாடம் சொல்லித்தரும் பொறிகளான கற்றுணைகள் பதினொன்று இருக்கின்றனவே, தப்பென்றால் ஏதாவது ஒன்று கண்டுபிடிக்காதா என்று நினைத்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு எழுந்துபோனேன்.

என் வேலைக்குப் பெயர் இணைச்சொல்லர்; பெற்றோர் சொல்வதைக் கேட்டுப் பதிவது. நான் வருவதற்கு முன்பே பிள்ளைகள் ஒவ்வொருவரின் கணினிப் பலகையிலும் பதினோரு கற்றுணைகள் இருந்தன. கணக்குக்கு ஒரு நிறுவனத்துடையது, தமிழுக்கு இன்னொன்று, வரலாற்றுக்கு வேறொன்று, பாட்டுக்கு, படத்துக்கு என்று ஆளுக்கொன்று. ஒரு நிறுவனத்தை மற்றொன்று நம்பாது. அதனால் ஒவ்வொரு கற்றுணையும் காலையில் பாடம் தொடங்குமுன் பிள்ளையை முதலிலிருந்து தானே சோதித்துப் பார்க்கும். ஆறு வயதுக் குழந்தை பல் துலக்கியதும் பதினோரு தேர்வு எழுதியது. அழாத பிள்ளையே ஊரில் இல்லை.

அதைப் பார்க்கச் சகிக்காமல் நல்ல மனம் படைத்தவர்கள் சிலர் கூடி, பதினோரு நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்கார வைத்துக் கைகோப்புக் கழகத்தை உருவாக்கினார்கள். அதற்கு ஒரே விதி: ஒருவர் கண்டதை மற்றவர் மறுபடி காண மாட்டோம். ஒரு பிள்ளையைப் பற்றிப் பொதுப்பேட்டில் ஒன்று பதிவாகிவிட்டால் பதினோரு கற்றுணைகளும் அதை நம்ப வேண்டும். மறுபடி சோதித்தால் அடுத்தவரை ஐயப்பட்டதாகப் பொருள். ஐயப்பட்டவரின் நம்பிக்கை மதிப்பெண், அதாவது நம்பெண், குறையும். நம்பெண் குறைந்தவருக்குப் பள்ளிகள் இல்லை.

பேட்டில் எழுத, கேட்டுப் பதியும் ஒரு பொறி வைக்கலாம் என்றார்கள். யாருடைய பொறி என்பதில் எட்டு மாதம் சண்டை நடந்தது. கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு மனிதனைப் பிடித்துப் போட்டார்கள். அவன்தான் தணிகாசலம், அதாவது அடியேன்.

பத்து வருடம் கழித்து ஒரு காலைப்பொழுதில் அவள் வந்தாள்.

கோவை அவினாசி சாலையில் எங்கள் அலுவலகம் ஏழாவது மாடியில். பார்வையாளர் என்று யாரும் வருவதில்லை. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய சடையுடன், கையில் மடித்த தாளுடன் என் மேசைமுன் நின்றாள்.

"ஏனுங்க, தணிகாசலம்ங்கறது நீங்களுங்களா?"

"ஆமாம்மா. யார் நீ?"

"கனிஷ்காங்க. எனக்குக் கணக்கு வராதுன்னு நீங்கதானுங்க எழுதியிருக்கீங்க."

தாளை வாங்கிப் பார்த்தேன். காற்றாலைப் பராமரிப்புப் பயிற்சிக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். நிராகரிப்பு, காரணம், பேட்டுப் பதிவு, பதிந்தவர், என் பெயர். மாலை ஐந்து மணிக்குள் பதிவு திருத்தப்பட்டால் இடம் உண்டு, இல்லையென்றால் இனி எப்போதும் இல்லை. கணக்கு வராதவர்கள் ஒருமுறைதான் விண்ணப்பிக்கலாம்.

பழைய குரல்செய்தியைத் தேடி எடுத்து ஓடவிட்டேன். இப்போது ஒலி வடிகட்டி நன்றாக வேலை செய்கிறது. அந்த அம்மாவின் சொற்கள் பளிச்சென்று கேட்டன. மூன்று முறை கேட்டேன்.

"எங்கம்மாதானுங்க," என்றாள் கனிஷ்கா. "என்ற காச்சலுக்கு லீவு சொல்லுது."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். "சரி... அப்புறம் உன் பலகையில என்னதாம்மா நடந்துச்சு?"

"காச்சல் விட்டு வந்து தொறந்தேனுங்க. கணக்குக் கற்றுணை தூங்கிட்டு இருந்துச்சு. எழுப்பினா, 'உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன் கண்ணு'ங்குது. தமிழ்ப் பாடத்துல அதுவரைக்கும் மரத்துல அஞ்சு மாம்பழம் இருந்துச்சுங்க. அன்னைக்கிலிருந்து கொஞ்சம் மாம்பழம்."

"கொஞ்சமா?"

"கொஞ்சம் மாம்பழத்துல கொஞ்சத்தைக் கிளி தின்னுருச்சு, மீதி கொஞ்சம். வரலாத்துல எல்லா ராசாவும் ரொம்ப நாளைக்கு முன்னாடிங்க. எந்த ராசா மொதல்ல, எந்த ராசா அப்பறம்னே தெரியாது. புவியியல்ல எல்லா ஊரும் தூரம். நான் விடாம ஒவ்வொண்ணுகிட்டயும் போயி, ரெண்டும் மூணும் எத்தனைன்னு கேட்டுட்டே இருப்பேனுங்க. 'கனிஷ்கா, உனக்கு இனிமையான குரல், ஒரு பாட்டுப் பாடேன்'னு சொல்லும். பத்து வருசமாப் பாடிட்டு இருக்கறனுங்க. எனக்குப் பாட்டே வராதுங்க."

சிரித்துவிட்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. அவளும் சிரித்தாள். அது இன்னும் சங்கடமாக இருந்தது.

"இப்ப உனக்குக் கணக்கு வருமா?" என்று கேட்டேன். பத்து வருடம் சொல்லிக்கொடுக்காத கணக்கு எப்படி வரும்? நான் எழுதிய பொய்யை இத்தனை காலம் உண்மையாக்கிக்கொண்டல்லவா இருந்திருக்கிறார்கள்?

"கேட்டுப் பாருங்க."

"உங்க ஊர்ல காத்தாடி எத்தனை?"

"என்ற வாசல்ல நின்னா நாப்பத்தி மூணுங்க."

"ஒண்ணு நிமிஷத்துக்குப் பதினெட்டு சுத்து. எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு?"

அவள் கண்ணை மூடினாள். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடியது. நான் கணிப்பியைத் தேடி இழுப்பறையைத் துழாவிக்கொண்டிருந்தேன்.

"நாப்பத்தாறாயிரத்து நானூத்தி நாப்பதுங்க."

கணிப்பியும் அதையே சொன்னது.

"ஆனா தப்புங்க," என்றாள். "அதுல ஆறு காத்தாடி ரிப்பேராகி நிக்குதுங்க. அப்ப முப்பத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. எங்கப்பா தேங்காக் களத்துல எண்ணிக்கை ஆளுங்க. கூட நின்னு பழகினது. அந்த ஆறையும் ஓட விடோணும்னுதானுங்க இந்தப் பயிற்சிக்குப் போறேன்."

நான் மூக்கை உறிஞ்சி, ஜலதோஷம் என்று ஒரு பொய் சொன்னேன். பிறகு பேட்டைக் காக்கும் இயந்திரமான நடுவனை அழைத்தேன்.

"இந்தப் பதிவு தப்பு. எழுதினது நான். தப்பு என்னோடது. திருத்து."

"வணக்கம் தணிகாசலம்," என்றது நடுவன். "தங்கள் நம்பெண் நூற்றுக்கு நூறு. நூறு உடையவர் பிழை செய்வதில்லை."

"அந்த நூறு உடையவன்தான் சொல்றேன். பிழை செஞ்சேன்."

"நம்புகிறேன். பிழை செய்ததால் தங்கள் நம்பெண் இப்போது தொண்ணூற்றெட்டு."

"ரொம்ப நல்லது. திருத்து."

"திருத்தம் கோர நூறு வேண்டும். தொண்ணூற்றெட்டு உடையவரின் கூற்றை ஏற்பதற்கில்லை. ஆகவே தாங்கள் பிழை செய்ததாகச் சொன்னதும் ஏற்கப்படவில்லை. தங்கள் நம்பெண் மீண்டும் நூறு. வாழ்த்துகள்."

கனிஷ்கா என்னைப் பார்த்தாள். "இதுக்குப் பாட்டு வருமானு கேளுங்க."

அவளை அழைத்துக்கொண்டு ஜெசிந்தா மேடத்தின் அறைக்குப் போனேன். கழகத்தின் அமைப்பாளர் அவர். பதினோரு நிறுவனங்களில் ஒன்றின் தலைவரும்கூட. குரல்செய்தியைப் போட்டுக் காட்டினேன். காற்றாடிக் கணக்கைச் சொன்னேன். முழுவதும் கேட்டார். நல்ல மனுஷி, முதல் கூட்டத்தில் பிள்ளைகள் அழும் காட்சியைப் போட்டுக்காட்டித் தானும் அழுதவர்.

"யாராவது ஒருத்தர் இவளை ஒரே ஒரு தடவை சோதிச்சுப் பார்த்தாப் போதும் மேடம். பத்து நிமிஷ வேலை."

"அது மறுசோதனை, தணிகா. எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் செய்யலாம். கேக்கறேன், இருங்க."

பதினோரு நிறுவனங்களுக்கும் குறிப்பு போனது. ஒரு மணிக்கு முதல் பதில் வந்தது. மிகவும் பண்பான பதில்: மற்ற பத்து நிறுவனங்களும் இசைந்தால் எங்களுக்கு மறுப்பில்லை. இரண்டாவது பதிலும் அதுவே. மூன்றரைக்குள் பத்துப் பதில்களும் வந்துவிட்டன. பத்தும் ஒரே வாசகம், ஒரே பணிவு. மற்றவர்கள் முதலில்.

"உங்க கம்பெனி மேடம்?"

"எங்களுக்கும் மறுப்பில்ல," என்றார் ஜெசிந்தா. "மத்தவங்க ஒத்துக்கிட்டா."

"பதினோரு பேரும் வாசல்ல நின்னு 'நீங்க மொதல்ல போங்க'ன்னா உள்ள யார் மேடம் போறது?"

"கிண்டல் பண்ணாதீங்க. அன்னிக்கு ஒருத்தர ஒருத்தர் எப்படிக் கடிச்சுக் குதறினோம்னு நீங்க பார்க்கல. இந்த நம்பிக்கைய உண்டாக்க எத்தனை வருஷம் ஆச்சு! இவளுக்காக ஒரு பதிவத் திறந்தா, உங்க கைபட்ட 'வராது' பூராவும் திறக்கணும். எத்தனை தெரியுமா?"

"எத்தனை?"

"அறுபத்திரண்டாயிரம்."

நான் உட்கார்ந்துவிட்டேன். அறுபத்திரண்டாயிரம் பிள்ளைகள். இதில் எத்தனை பேருக்கு அன்று வெறும் காய்ச்சல்? எத்தனை பேர் இந்நேரம் கொஞ்சம் மாம்பழம் தின்றுகொண்டிருக்கிறார்கள்? எத்தனை பேருக்குத் தேங்காய்க் களத்தில் எண்ணும் அப்பா இல்லை?

"என்னை வேலைய விட்டுத் தூக்குங்க மேடம். நான் முட்டாள்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"முடியாது. பதினோரு பேரும் ஒருமனசா நம்பற ஒரே ஆள் நீங்கதான். உங்களத் தூக்கினா அடுத்த ஆள் யாருன்னு மறுபடி எட்டு மாசம் சண்டை."

மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. கனிஷ்கா நாற்காலி நுனியில் உட்கார்ந்து சுவரில் இருந்த கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பலகைக் கடிகாரத்தில் எண்கள் கிடையாதாம். காலை, மதியம், மாலை என்று மட்டும் காட்டுமாம். அதனால் எண் போட்ட கடிகாரம் கிடைத்தால் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். பயிற்சி நிலையத்தை நான் அழைத்துக் கெஞ்சினேன். எதிர்முனையில் ஒரு பெண் அன்பாகச் சொன்னாள்: "சார், நாங்க கழகத்த முழுசா நம்பறோம்."

நாலே முக்காலுக்கு நடுவனிடம் மறுபடி போனேன். வேறு மாதிரி கேட்டேன், அதட்டினேன், கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டேன். எனக்கு வாழ்த்துச் சொன்னது.

ஐந்து மணி ஆனது. கனிஷ்காவின் கைப்பேசியில் பயிற்சி நிலையத்திலிருந்து ஒரு செய்தி வந்து விழுந்தது. பார்த்தாள். தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள், அதற்குமேல் மடியவில்லை.

"அஞ்சரைக்கு உடுமலை பஸ் இருக்குதுங்க," என்றாள். "வரட்டுங்களா?"

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நான் ஜெசிந்தா மேடத்தின் பக்கம் திரும்பினேன்.

"மேடம், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். விதி, நம்பெண் எதுவும் வேணாம், சுத்தி வளைக்காம சொல்லுங்க. இந்தப் பொண்ணுக்குக் கணக்கு வரும்னு இன்னிக்கு முன்னாடி உங்கள்ல யாருக்காவது தெரியுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கனிஷ்காவைப் பார்த்தார். "நீ கொஞ்சம் வெளிய இரும்மா."

"இருக்கட்டுங்க. நானும் கேட்டுட்டே போறனுங்க."

ஜெசிந்தா என்னைப் பார்க்காமல், அவளைப் பார்த்தே சொன்னார்.

"தெரியும். காய்ச்சல் விட்டு வந்த அன்னிக்கே நீ பலகையோட விளிம்புல ஒட்டியிருந்த பூவையெல்லாம் விரல் வச்சு எண்ணினே. எங்க கற்றுணை பார்த்துச்சு. அந்த வாரம் முடியறதுக்குள்ள மத்த பத்தும் பார்த்திருச்சு. பதினோரு பேருக்கும் தெரியும்."